கோயிலில் விழாது என்று நம்பியவர்

ஓடுகிறேன். இடுப்பில் மகள். மேலே ஹெலிகொப்டர் இரைச்சல். முதல் ஷெல் பனங்காட்டில் விழுகிறது. முதலில் ஒரு சீறல். பிறகு அமைதி. பிறகுதான் நிலம் அதிர்கிறது.

"கோயிலுக்கு ஓடுங்கோ! கோயிலுக்கு!"

முன்னால் ஓடும் ரீற்றா கத்துகிறாள். பக்கத்து வீட்டுக்காரி. அவளுடைய இரண்டு பையன்களும் அவளோடு. மாதா கோயில் மணி நிற்காமல் அடிக்கிறது. மன்னார்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் நிற்காத மணிக்கு ஒரே அர்த்தம். ஆபத்து, கோயிலுக்கு வா. அடிப்பவர் அந்தோனி. என் கணவர்.

மகளின் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அழுதாள். குனிந்தேன். சீறல் கேட்டது. மணி நின்றது.

அது போன வருடம். இது 1991. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் பக்கம், அகதி முகாம். தகரக் கொட்டகை. மதியம் கல்குவாரியில் வேட்டு வைக்கிறார்கள். ஒவ்வொரு வேட்டுக்கும் மகளை இழுத்துக்கொண்டு தரையில் விழுகிறேன். அவளுக்கு நாலு வயது. விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறாள்.

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் மனித வெடிகுண்டு வெடித்து ஒரு தலைவர் இறந்தார். அன்றிலிருந்து ஊர் எங்களைச் சந்தேகிக்கிறது. போலீஸ் காலையில் வந்து தலை எண்ணுகிறது. நானும் சந்தேகிக்கப் பழகிவிட்டேன். நல்ல வார்த்தைகளைத்தான் அதிகம் சந்தேகிக்கிறேன்.

முகாமில் ஜெபம் நடத்தும் உபதேசியார் அந்தோனியை வேதசாட்சி என்கிறார். விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவராம். முகாமின் ஓலைக் கோயிலில் அவர் படத்தை வைத்து மாலை போட்டார். வருட நினைவு ஜெபத்தில் மகள் எழுந்து அதைச் சொல்ல வேண்டுமாம்.

"பொய்க்காக ஆராவது உயிர் குடுப்பினமோ பிள்ளை? அவர் செத்ததே எங்கட வேதம் உண்மை எண்டதுக்கு அத்தாட்சி."

தலையசைத்தேன். பெரியவர்கள் சொன்னால் தலையசைத்தே வளர்ந்தவள்.

மறுநாள் சோறு ஊட்டும்போது மகள் சொன்னாள்: "நானும் அப்பா மாதிரிச் சாகப்போறன். அப்பதான் மாதாவுக்கு என்னைப் பிடிக்கும்."



படப்பையிலிருந்து பால் கொண்டுவரும் வசந்தாவிடம் சொன்னேன். அவள் குவளையைக் கீழே வைத்தாள்.

"இன்னாமா அநியாயமா கீது! எங்க தெருவுல ஒருத்தன் சினிமா ஈரோவுக்காவ மண்ணெண்ணெ ஊத்திக்கினு செத்தான். அதுக்கோசரம் அந்த ஈரோ சாமியாய்ட்டானா? பிரியாணி துன்னுகினு நல்லாத்தான் கீறான்."

சிரித்துவிட்டேன். உடனே பயம் வந்தது. இறந்தவருக்குச் செய்யும் துரோகமா இது?

மறுபடி மறுபடி யோசித்தேன். மே மாதம் கொல்ல வந்தவரும் தன் உயிரைக் கொடுத்துத்தான் கொன்றார். அது எதை நிரூபித்தது? உறுதி இருந்தது என்பதை. அதற்கு மேல் எதை?

அந்தோனியிடம் யாரும் வேதத்தை மறுக்கச் சொல்லவில்லை. அவர் நம்பியது வேறு. "கோயில்ல ஷெல் விழாது. மாதா விடமாட்டா." அன்று காலையும் சொன்னார். மனதார நம்பினார். நம்பியதால் ஊரையே மணியடித்துக் கூப்பிட்டார். உயிரையும் வைத்தார். ஷெல் விழுந்தது.

மாதா இல்லை என்று நான் எழுதவில்லை. இன்றும் ஜெபமாலை சொல்கிறேன். ஆனால் அவருடைய சாவை அதற்குச் சாட்சியாகக் கூப்பிட மாட்டேன். அது அவரைப் பற்றி மட்டும் சொல்கிறது. அவர் மணிக் கயிற்றை விடவில்லை.

ஜெப நாள். உபதேசியார் கூப்பிட்டார். மகள் எழுந்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"ஏன் பிள்ளை?"

"அப்பா மணி அடிச்சவர் எண்டு சொல்லிக் குடுப்பன். சாகிறது நல்லதெண்டு சொல்லிக் குடுக்க மாட்டன்."

மகளின் கையை விடவில்லை.

மறக்கக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். கோயிலுக்குள் இறந்தவர்கள் பதினொரு பேர். அந்தோனி. ரீற்றா. அவளுடைய இரண்டு பையன்கள். மற்ற ஏழு பேரும் மணியைக் கேட்டு வந்தவர்கள். போனவை: ஒரு மணி, ஒரு வீடு, ஒரு சின்னச் செருப்பு.

மகள் இருக்கிறாள். செருப்புக்காக நின்றதால் இருக்கிறாள். அதுவும் எதற்கும் அத்தாட்சி இல்லை.