கிணற்றடி அலரி

உடையார் ஐயா, நீங்கள் விசாரிக்கிறபடியால் சொல்கிறேன், அலரிகளைத் தறித்த பிறகு எங்கள் கிணற்றடியில் நல்ல வெயில் விழுகிறது. பனங்கிழங்கைக் கிழித்து ஒடியல் காயப்போடத் தோதான இடம்.

கோப்பாயில் இருக்கும் அந்த வளவு எனக்கும் தங்கை குணலட்சுமிக்கும் சீதனமாக வந்தது. வீடு இரண்டு, கிணறு ஒன்று. காணியைப் பிரிக்கவில்லை. பிரிக்காத காணியில் ஒரு மரத்தைத் தறிப்பதென்றால் இரண்டு பங்காளிகளும் சம்மதிக்க வேண்டும். நடுவதற்கு மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை. தங்கையின் கணவர் பஞ்சலிங்கம் மலாயாவில் கிளாக்கராக இருந்து வந்தவர். துரைமாரின் பங்களாக்களைப் பார்த்த கண்ணுக்கு எங்கள் வளவு காடாகத் தெரிந்தது. கிணற்றைச் சுற்றி மஞ்சள் அலரி நட்டார்.

காய் விஷம், பிள்ளை புழங்கும் இடம், தறித்துவிடுவோம் என்று கேட்டேன். அவர் சம்மதிக்கவில்லை. ஊரில் நாலு பேரைக் கூட்டிவைத்தும் கேட்டேன். அவர்கள் முன்னால்தான் இப்படிச் சொன்னார்.

"மச்சாள், பிள்ளை வளக்கிற கதையைப் பெத்த நாங்கள் கதைப்பம். நீங்கள் ஏன் வீணாய்ப் பயப்பிடுறியள்?"

தங்கையும் சிரித்தாள். நான் பெறாதவள். அவளுடைய சிரிப்புத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவர்களுடைய ஒரே பிள்ளை சின்னத்தங்கம். என் கையால் ஊட்டினால்தான் சாப்பிடுவாள். அன்று கிணற்றடியில் நான் துணி தோய்க்க, அவள் கோயில் விளையாடினாள். கல்லைச் சாமியாக்கி, அலரிப் பூவைச் சாத்தி, காய்களைப் பூவரசம் இலையில் படைத்திருந்தாள். பூசை முடிந்ததும் என்னிடம் ஓடி வந்தாள்.

"பெரியம்மா, பிரசாதம்."

"நீ திண்டனியோ, பிள்ளை?"

"ஓம். கைக்குது."

கைப்புப் போகப் பனங்கட்டித் துண்டொன்று கொடுத்து, வீட்டுக்குப் போய்ப் படுக்கச் சொன்னேன். பிறகு மிச்சத் துணியைத் தோய்த்தேன்.

அவள் சத்தி எடுக்கத் தொடங்கியதும் பரியாரியார் மருந்தோடு வந்தார். பிள்ளை என்ன தின்றது என்று கேட்டார். சோறு என்றேன். அது பொய்யில்லை. காலையில் நான்தான் ஊட்டினேன்.

அவள் தந்த அலரிக்காய்ப் பிரசாதத்தை எறியக் கூடாது என்று அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துவைத்திருந்தேன். பிள்ளையின் செத்த வீட்டில் எல்லோர் முன்னாலும் அவிழ்த்துக் காட்டினேன். எனக்கு முன்பே தெரியும் என்பதை நீங்கள் அதில்தான் பிடித்தீர்கள். பஞ்சலிங்கமோ நேரே போய்க் கோடரியை எடுத்தார். என்னிடம் சம்மதம் கேட்கவில்லை. நானும் தடுக்கவில்லை.

உடனே சொல்லியிருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா என்று கேட்கிறீர்கள். பிழைத்திருக்கும். மரமும் பிழைத்திருக்கும். தெரிந்துதான் பேசாமல் இருந்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

முடிந்தால் என்னை விடுங்கள், ஐயா. குணலட்சுமி முழுகாமல் இருக்கிறாள். அந்தப் பிள்ளைக்கும் நான்தானே சோறு ஊட்ட வேண்டும்.