வடிகட்டித் தகட்டில் இருந்த இரண்டு எண்கள்

சங்கத் தலைவர் ஜமால்தீன் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, குச்சவெளியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கும் வெங்காயச் செய்கையாளர்களே, அன்புவழிபுரத்து அயலவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் செல்லத்தம்பி. சங்கத்தின் நீர்ப்பம்பிகளை இயக்குகிறவன். அமரர் ஓவசியர் பேணாட் இக்னேசியஸ் அவர்களைப் பற்றிப் பேசும்படி என்னிடம் சொன்னார்கள். அவரைப் புகழத்தான் வந்தேன். ஆனால் மூன்று வருடங்களுக்கு முன்னரே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய ஓர் உண்மை என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க எனக்கு ஏலாது.

எப்பேர்ப்பட்ட மனிதர் அவர்! கடற்கரை மணலில் தண்ணீர் தூவிப் பயிர் செய்வது சரிவராது என்று எல்லோரும் கையை விரித்தபோது, கிணற்று நீரோடு வரும் மணலை வடிகட்டியில் பிடித்து, தூவிகள் அடைபடாமல் காத்தவர் யார்? ஓவசியர் இக்னேசியஸ்! பம்பி தள்ளும் அழுத்தம் வடிகட்டி தாங்கும் அளவுக்குள் நிற்க வேண்டும் என்று தோட்டம் தோட்டமாக நடந்து சொன்னவர் யார்? ஓவசியர் இக்னேசியஸ்! "இண்டைக்கு எத்தினை இறாத்தல்?" என்று அழுத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் தோட்டத்துக்குள் காலை வைப்பார். கடையில் இறாத்தல் கணக்கில் பாண் வாங்க வந்தவர் மாதிரி என்று நாங்கள் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

சபையோரே! 1976இல் பெரிய பம்பி வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அன்று ஓவசியர் மூதூருக்குப் புறப்பட்டார். "நான் வந்து அழுத்தமானியைப் பூட்டுமட்டும் தொடாதேயும்" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கோ அவசரம். வடிகட்டியின் தகட்டில் 120, 50 என்று இரண்டு எண்கள். நூற்றிருபது இறாத்தல் தாங்கும், இந்தப் பம்பி தொண்ணூறுதானே தள்ளும் என்று நானே முடிவுகட்டி முழுதாகத் திறந்துவிட்டேன். நூற்றிருபது என்பது வடிவலையில் ஓர் அங்குலத்துக்கு இருக்கும் கண்களின் எண்ணிக்கை! தாங்கும் அழுத்தம் ஐம்பது மட்டுமே. மூடி வெடித்துப் பறந்தது. வேறு வடிகட்டி வரப் பதினாறு நாள் சென்றது. அதற்குள் வெங்காயம் முழுவதும் வாடிச் செத்தது.

திறந்த கை என்னுடையது என்று உங்களுக்குத் தெரியும். திறக்கச் சொன்னது ஓவசியர் என்று நம்பினீர்கள். சபையோரே, அவர் சொல்லவில்லை! தொடவேண்டாம் என்றுதான் சொன்னார்!

விசாரணையில் "ஆர் திறக்கச் சொன்னது?" என்று கேட்டபோது, நான் வாயெடுக்க முன்னர் அவர் எழுந்துவிட்டார். "நான்தான் சொன்னனான்" என்றார். வெளியில் வந்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "உமக்கு நாலு பிள்ளையள், செல்லத்தம்பி. மனிசி எல்சி போனபிறகு எனக்கு ஆர் இருக்கினம்? விடும் கதையை" என்றார். நானும் விட்டுவிட்டேன். வடிகட்டியை உடைத்ததைவிடப் பெரிய பிழை அது.

சங்கம் அவரை விலக்கியது. அதன்பிறகு எத்தனை பேர் அவர் வீட்டுப் படலையைத் திறந்தோம்? உங்களைக் கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? நானே போகவில்லை. ஒருநாள் பஸ் நிலையத்தில் என்னைக் கண்டதும், தான் குந்தியிருந்த வாங்கில் வைத்திருந்த குடையை எடுத்து எனக்கு இடம் விட்டார். வெட்கத்தில் நான் காணாதவன்போல், எங்கே போகிறதென்றும் பாராமல் நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். கன்னியாவில் இறங்கித் திரும்பி நடந்து வந்தேன்.

அவருடைய அயல்வீட்டு ஞானமணி அக்கா நேற்றுச் சொன்னா. குச்சவெளி மீன்காரர் வந்தால், மீனைப் பார்க்க முதல் "வெங்காயத்துக்குத் தண்ணி ஒழுங்காப் போகுதோ?" என்று ஓவசியர் கேட்பாராம். போன செவ்வாய்க்கிழமை மீன்காரர் கூப்பிட்டும் ஆள் வெளியில் வரவில்லை. கதவைத் தள்ளிப் பார்த்தபோது அவர் இறந்து ஒரு நாள் ஆகியிருந்தது.

தலைவர் அவர்களே! கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் அவர்மேல் எழுதிய குற்றத்தை இன்றைக்கே வெட்டிவிட்டு என் பெயரை எழுதுங்கள். என்னை வைத்திருப்பதும் நிறுத்துவதும் உங்கள் விருப்பம். வைத்திருந்தால், அழுத்தமானியைப் பாராமல் ஒரு பம்பியையும் திறக்கமாட்டேன். நிறுத்தினால், அடுத்து வருகிறவருக்கு எந்த எண் எதற்கென்று காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போவேன். அவர் படத்தின் முன் சொல்லுகிறேன், இது சத்தியம்.

ஐயா, என் பிள்ளைகள் மூன்று வருடம் சாப்பிட்டது நீங்கள் விட்டுக்கொடுத்த சோறு. ஒரு பின்னேரமாவது வந்து உங்களோடு இருந்து தேத்தண்ணி குடித்திருக்கலாம். நான் வரவில்லை.