மூச்சு எப்போ விடறான்?

இபன்: காங், அவன் மூச்சு எப்போ விடறான்?

தாபி: என்ன? கேக்கல... சத்தமாப் பேசு!

இபன்: இதுதான் என் சத்தம். காதக் கிட்டக் கொண்டா. அந்தப் பாடறவன்... மூச்சு எப்போ விடறான்?

தாபி: காங் காங்னு கூப்பிட்டாப் போதாது, அக்கா சொல்றதக் கேக்கணும். சினிமாவுக்குப் போலாம்னேன். மெட்டல் கச்சேரிதான் வேணும்னு அடம் புடிச்சு இழுத்துட்டு வந்த. வந்தும் இதுதான் கேள்வியா?

இபன்: சொல்லேன்...

தாபி: எனக்கென்ன தெரியும்? மாவ்யோங்... கருங்கல்லுன்னு குழுவுக்குப் பேர் வச்சவன் தாலாட்டா பாடுவான்? என் காது கொய்ங்குது.

இபன்: கழுத்து நரம்பு புடைக்கவே இல்ல, பாத்தியா? வயிறுதான் உள்ள போய் வருது.

தாபி: அடியே! அவன் வயித்தையா பாத்துட்டு நிக்கற?

இபன்: ச்சீ...

தாபி: ஆளு நல்லாத்தான் இருக்கான். பேரு கிட்போக். எங்க தெருமுனைல ஜாதோ சோத்துக்கடை அவங்க அம்மாவோடது. பேசணுமா?

இபன்: பேச முடியுமா?

தாபி: கண்ணு எப்படி விரியுது பாரு! இரு, முடியட்டும்.

இபன்: முன்னாடி நிக்கறவங்க ஏன் இப்படி முட்டிக்கறாங்க?

தாபி: சந்தோஷமாம். விழுந்தாத் தூக்கியும் விடுவாங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாடறதும் இதே பசங்கதான்.

இபன்: நானும் சர்ச்சுல பாடினவதான், காங்.

தாபி: ஐயோ. அந்தப் பேச்ச எடுத்திருக்கக் கூடாது.

இபன்: பரவால்ல. தொண்டைல ஆபரேஷன் ஆகி ரெண்டு வருஷமாச்சு. பாட்டுக் குழுவுல இப்பவும் எனக்கு எடம் விட்டு வைக்கறாங்க... வாயசைக்க.

தாபி: ...முடிஞ்சிருச்சு, வா. கிட்போக்! இது என் சித்தி பொண்ணு இபன். நோங்ஸ்டோயின்லேருந்து ஷில்லாங் வந்திருக்கா. உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம்.

கிட்போக்: கேளுங்க.

இபன்: வலிக்குமா?

கிட்போக்: எது?

இபன்: அந்த உறுமல்.

கிட்போக்: தப்பாப் பண்ணினா வலிக்கும். ஆரம்பத்துல ஒரு வாரம் பேச்சே வராமக் கெடந்தேன். எங்க அம்மா நிம்மதியா இருந்த வாரம் அதுதான்.

இபன்: பாட்டு வர்ற எடம் வேற, இது வர்ற எடம் வேற... இல்ல?

கிட்போக்: ஆமா. கொஞ்சம் மேல ஒரு மடிப்பு இருக்கு, அதுலேருந்து வருது. யார் சொன்னா உங்களுக்கு?

இபன்: யாரும் சொல்லல. கடைசிப் பாட்டுல நீளமா இழுத்தீங்களே... அங்க மூச்ச வெளிய விடறீங்களா, உள்ள இழுக்கறீங்களா?

கிட்போக்: வெளிய. கொஞ்சம் கொஞ்சமா. ஏன்?

இபன்: எனக்கு அந்த எடத்துல அறுந்துடுது.

தாபி: என்னடி அறுந்துடுது?

கிட்போக்: இருங்க காங். இபன்... ஒருதரம் பண்ணிக் காட்டுங்க.

இபன்: இங்கயா? இத்தன பேர் இருக்காங்க...

கிட்போக்: எல்லாரும் இதக் கேக்கத்தானே வந்தாங்க.

இபன்: காங், நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ.

தாபி: மாட்டேன்.

இபன்: சரி... ம்... க்ர்ர்ராஆஆஆஆஆர்ர்ர்ர்ர்!

தாபி: யேசுவே!

கிட்போக்: டேய், அந்த மைக்க அணைக்காத! இவங்களுக்கு வேணும்டா!

இபன்: ஏன் எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க? தப்பாப் பண்ணிட்டேனா?

கிட்போக்: தப்பா! எங்க கத்துக்கிட்டீங்க?

இபன்: போன்ல பாத்துதான். வீட்டுக்குப் பின்னாடி பைன் காடு. விறகு பொறுக்கப் போறேன்னு சொல்லிட்டு தினம் சாயங்காலம் போயிடுவேன். முதல்ல அழத்தான் போனேன். அழுது அலுத்துப் போய் ஒருநாள் கத்தினேன்... இது வந்துச்சு. எனக்குள்ள இன்னும் ஒரு குரல் மிச்சம் இருக்குன்னு அப்பத்தான் தெரிஞ்சுது.

தாபி: எத்தன நாளா?

இபன்: மழை விட்டதுலேருந்து.

தாபி: இபன்... சித்தி உன்ன ஏன் என்கிட்ட அனுப்பினாங்க தெரியுமா?

இபன்: மனசு கொஞ்சம் மாறட்டும்னு...

தாபி: இல்லடி! நீ பயந்துடுவேன்னு என்னச் சொல்ல வேணாம்னாங்க. உங்க வீட்டுக்குப் பின்னாடி காட்டுல புலி வந்திருக்காம். தினம் சாயங்காலம் உறுமுதாம். ஊரே கதவச் சாத்திக்குதாம். ஆம்பளைங்க சேந்து குழி வெட்டி வச்சிருக்காங்க!

இபன்: போனப் போட்டுக் குழிய மூடச் சொல்லு, காங். புலி ஷில்லாங் வந்துடுச்சு.