வெள்ளை மணல் கோடு

— மம்பட்டியக் கீழ போடு பூவிழி. வெட்டக் கூடாது, பலகையால மேல் சேத்த மட்டும் வழிக்கணும். கேளேன், காலைல பஸ்ல வர்றப்ப அந்த வார்த்தைய போன்ல தேடிப் பார்த்துட்டேன்.

— எந்த வார்த்த அண்ணி?

— டயக்ராம். முதலாளி ராமதாஸ் கேட்டாரே, சாயங்காலத்துக்குள்ள உப்புப் பாத்திங்களுக்கு ஒரு டயக்ராம் கொண்டாம்மா, குத்தகைய உன் பேருக்கு மாத்தித் தரேன்னு.

— ஏசப்பா, எதப் பார்த்து வரையறது? வெள்ளம் சேத்தக் கொண்டாந்து மூடி, எல்லாம் ஒரே தரையா கெடக்குது. பக்கத்துப் பாத்தி அர்ச்சுனன் அதுக்குள்ள நம்ம எடத்துல கம்பு நட்டுட்டான்.

— அதுக்குத்தான் கேளேன். அது கிரேக்க வார்த்தையாம். டியான்னா ஊடால. கிராஃபோன்னா எழுதுறது. எழுத்துக்கும் முந்தி கீறுறதுன்னு அர்த்தமாம். கோடு கீறி, அந்தக் கோட்டாலயே ஒரு விஷயத்த விளங்க வைக்கிறது. பேப்பரெல்லாம் அப்புறம் வந்தது. படிச்சதும் உங்கண்ணன் ஞாபகம். பஸ்லயே எழுந்து நின்னுட்டேன். கண்டக்டர், எறங்குறியாம்மான்னு கேக்குறான்.

— அண்ணன் எங்க டயக்ராம் போட்டாரு?

— வரப்பு கட்டுறதுக்கு முன்ன வருஷா வருஷம் என்ன பண்ணுவாரு, சொல்லு.

— கயித்தப் புடிச்சுக் கடப்பாரையால தரையக் கீறுவாரு. கீறுன பள்ளத்துல கடல் மணலக் கொட்டி மிதிப்பாரு, கறுப்புக் களிமண்ணுல வெள்ளையாத் தெரியட்டும்னு. இந்தத் தையிலயும் கீறுனாரு அண்ணி. மறுநாள்தான அந்த மழை. மதகு திறக்கப் போனவரு...

— ம். சேறு மேலதான மூடியிருக்கு. கீறுனது எங்க போவும்? வழி.

— அண்ணி! வெள்ளையா, இதோ, இங்க பாருங்க!

— தொடாத, கலைஞ்சிடும். என் பின்னாலயே வழிச்சுட்டு வா.

— எம்மாம் நேராப் போவுது. அர்ச்சுனன் கம்பெல்லாம் நம்ம கோட்டுக்கு உள்ள நிக்குது. அவன் மூஞ்சிய நான் பாக்கணும்.

— சிரிக்காத, பலகை ஆடுது பாரு. போட்டோ எடுத்து ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் போட்டுடறேன். அப்படியே அவரு கீறுன டயக்ராம். இரு, இது என்ன குறுக்க ஒரு கோடு?

— எங்க?

— கடைசிப் பாத்திக்கு முன்னால. போன வருஷம் இல்லியே. அந்தப் பக்கம் தண்ணிக்குத் தனி வாய்க்கால் வேற கீறியிருக்காரு.

— விடுங்க அண்ணி. சேத்தப் போட்டு மூடிடுங்க.

— ஏன்?

— கடைசிப் பாத்தி எனக்குன்னு அண்ணன் சொன்னாருன்னு சாவு வீட்டுல நான் சொன்னேன். எங்கிட்ட அவரு ஒரு வார்த்த சொல்லலியேன்னீங்க. அல்பம் அலையுது பாருன்னு ஊரே பார்த்துச்சு. அதுக்கப்புறம் நான் கேக்கல, இப்பவும் கேக்கல. முழுசும் உங்க பேர்லயே இருக்கட்டும். உங்களுக்குப் புள்ளைங்க இருக்குது.

— எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலதான்.

— அதான் அண்ணி.

— போனப் புடி பூவிழி. அந்தக் குறுக்குக் கோடு நல்லாத் தெரியுற மாதிரி எடு. முதலாளி குத்தகைக்கு ரெண்டு பத்திரம் எழுதணும்.