ஒற்றை ஆளுக்கான ஜார்

பிளெண்டர் வாங்க வருகிறவர்கள் முதலில் கலரைத்தான் கேட்பார்கள் மேடம். பச்சை இருக்கிறதா, ரோஸ் இருக்கிறதா என்பார்கள். நான் எடுத்தவுடன் எதையும் காட்டிவிட மாட்டேன். வீட்டில் எத்தனை பேர் குடிப்பீர்கள், வெறும் பழம்தானா, பேரீச்சை, பாதாமெல்லாம் போடுவீர்களா, அவசரத்துக்குச் சட்னியும் இதிலேயே அரைப்பீர்களா என்று கேட்பேன். பதிலைக் கேட்ட பிறகுதான் அலமாரிப் பக்கமே போவேன். பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வீட்டுச் சாமான் கடை. அங்கே மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் என் பொறுப்பு. நான் கை காட்டிய பொருளைத் திருப்பிக்கொண்டு வந்தவர்கள் குறைவு.

சார்ஜ் போட்டு ஓடுகிற சின்ன பிளெண்டர் பார்க்க லட்சணமாக இருக்கும். குத்தம்பாக்கம் பக்கம் ஃப்ளாட்டில் குடிவந்திருக்கிற ஐ.டி. பிள்ளைகள் அதைத்தான் தேடி வருவார்கள். வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன். நாலு பேரீச்சையைப் போட்டால் முனகிக்கொண்டு நின்றுவிடும். கரண்டில் ஓடுவதாக, மோட்டார் வலுவானதாக இருக்க வேண்டும். அடியில் உள்ள ரப்பர் வாஷர் கழற்றிக் கழுவ வர வேண்டும், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் நாறும். அரைக்கிற ஜாரே குடிக்கிற கப்பாக இருந்தால் இன்னும் நல்லது, மூடியை மாற்றிக் கையில் கொடுத்துவிடலாம். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றும். நான் ஆத்திரத்தில் கையில் கிடைத்ததை எடுத்தவள் இல்லை. பார்த்துப் பார்த்துத்தான் வாங்கினேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் மதிவதனி. வீடு திருமழிசை. என் கணவர் டில்லிபாபு அங்கேயே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். கைநீட்டாத மனுஷன், குடிக்காத மனுஷன். அவரைப் பற்றிக் குறை சொல்லி என் பக்கம் நியாயம் தேட முடியாது. முகம் வீங்குகிறதே என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ், ஞாயிறும் திங்களும் மட்டும் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் கிடையாது.

சிறுநீரகம் போனவர்களுக்குச் சாப்பாடே எதிரி மேடம். பொட்டாசியம் என்று ஒன்று, நமக்கெல்லாம் சிறுநீரில் போய்விடும். அவர்களுக்குப் போக வழியில்லை. ரத்தத்தில் ஏறிக்கொண்டே வந்து இதயத்தை நிறுத்திவிடும். அதனால் வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, பேரீச்சை கூடாது, கீரை கூடாது. காயை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும். ஆப்பிள் கொஞ்சம் தரலாம். என் மாமியார் கன்னியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் டாக்டர் சொன்னதில் ஒரு எழுத்து பிசகாமல் மனப்பாடம். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால், வாசலிலேயே வாங்கி மாட்டுக்குப் போட்டுவிடுவார்.

அப்புறம் மாற்றுச் சிறுநீரகம் என்று பேச்சு வந்தது. மாமியாருக்குச் சர்க்கரை, அவரால் தர முடியாது. கொழுந்தன் வினோத்தைப் பற்றி டாக்டர் கேட்டதுமே, கல்யாணமாகாத பையன் என்று மாமியார் முடித்துவிட்டார். என் ரத்தம் பொருந்துகிறது என்று தெரிந்த அன்று வீட்டில் கேசரி கிண்டினார்கள். யார் யாருக்கோ போன் போட்டுச் சொன்னார்கள். அத்தனை பேரில் ஒருவர்கூட, உனக்குச் சம்மதமா என்று என்னைக் கேட்கவில்லை. டில்லிபாபுவும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், அவ்வளவுதான்.

எனக்குப் பயமாக இருந்தது. ஊசி போட்டாலே உள்ளங்கை ஜில்லிட்டுப்போகிற ஆள் நான். ஆனால் பயத்தைச் சொல்ல இடமில்லாமல் போயிற்று. அந்த வாரமே வினோத்தும் அவன் கூட்டாளிகளும் தெருமுனையில் பேனர் கட்டிவிட்டார்கள். என் கல்யாண போட்டோவிலிருந்து என்னை மட்டும் வெட்டியெடுத்து, 'அண்ணனுக்கு உயிர் கொடுக்கும் அண்ணியே, எங்கள் குலதெய்வமே' என்று போட்டிருந்தார்கள். அடியில் அவன் கூட்டாளிகள் வரிசையாகக் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு கைகூப்பியிருந்தார்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஷேர் ஆட்டோவிலிருந்து என்னை நானே பார்த்துக்கொள்வேன். ஆட்டோக்காரர் என்னிடம் காசு வாங்க மறுத்தார்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. தெருவில் வளைகாப்பு நடந்தால் எனக்கும் சொல்வார்கள், வளையல் போட மட்டும் கூப்பிட மாட்டார்கள். நானும் சமையல்கட்டில் வேலை இருப்பதுபோல நின்றுகொள்வேன். பேனர் கட்டிய பிறகு கோடி வீட்டில் ஒரு வளைகாப்பு வந்தது. முதல் வளையல் மதிதான் போட வேண்டும் என்று அந்தப் பெண்ணின் அம்மாவே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கவில்லை. வீட்டிலும் அப்படித்தான். மாமியார் ஆட்டுக்கால் சூப் வைத்துத் தந்து, "நல்லாத் துன்னுடி, ஒடம்பத் தேத்து. எம்புள்ள உசுரே உங்கிட்டத்தான் கீது" என்பார். எனக்குப் போடுகிற சாப்பாடு எனக்காக இல்லை என்று தெரியும். ருசியாகத்தான் இருந்தது.

ஒரு நாள் டயாலிசிஸ் முடிந்து பூந்தமல்லியில் இறங்கினோம். மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்திருக்கிற ஓரத்தில் ஒரு தள்ளுவண்டியில் வாழைப்பழம். அவர் நின்றுவிட்டார். "ஒண்ணே ஒண்ணு மதி. வாய் செத்துப் போயிகீது" என்றார். அவர் அதுவரை என்னிடம் எதையும் கெஞ்சியதில்லை. வாங்கிக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தின்றார். அம்மாகிட்ட சொல்லாத என்றார். பரிதாபப்பட்டுத்தான் கொடுத்தேன் மேடம், அந்த ஒரு பழத்தை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் கடைக்குப் போய் எனக்கென்று ஒரு பிளெண்டரைத் தேட ஆரம்பித்தேன்.

"ஊட்லதான் மிக்ஸி கீதே, இது இன்னாத்துக்கு?" என்று மாமியார் கேட்டார். மிக்ஸி ஜாரில் பூண்டு வாசனை போக மாட்டேன் என்கிறது, அவருக்குக் குமட்டுகிறது, இதில் ஆப்பிள் அடித்துத் தரலாம் என்றேன். உண்மையில் மிக்ஸியில் அடித்தால் டம்ளரில் ஊற்ற வேண்டும். ஊற்றினால் மிச்சம் இருக்கும், மிச்சத்தை யாராவது ருசி பார்ப்பார்கள். இது ஒற்றை ஆளுக்கான ஜார். அடித்து, மூடியை மாற்றி அவர் கையில் கொடுத்து, அவர் ஒரு வாய் உறிஞ்சிவிட்டால் அப்புறம் அது எச்சில். எங்கள் வீட்டில் ஒருத்தர் வாய் வைத்ததை இன்னொருத்தர் தொட மாட்டார்கள், கழுவக்கூட நான்தான் கழுவுவேன். அளவும் சின்னது. தண்ணீர் குறைவாகக் குடிக்க வேண்டியவருக்கு அதுவும் தோதாகிவிட்டது.

அடியில் வாழைப்பழம், அதன்மேல் பேரீச்சை, தண்ணீருக்குப் பதில் இளநீர், எல்லாவற்றுக்கும் மேலே தோலோடு ஆப்பிள். மேலேயிருந்து எட்டிப் பார்த்தால் ஆப்பிள்தான் தெரியும். அடித்துவிட்டால் எல்லாம் ஒரே நிறம். முதல் வாய் குடித்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் ஆசைப்பட்டதை நான் திருட்டுத்தனமாகக் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சமாகத்தான் போடுவாள், கணக்குத் தெரிந்தவள் என்று நம்பினார். நானும் என்னிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆசைப்பட்டதைக் கொடுப்பது தப்பா என்று கேட்டுக்கொண்டேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எகிறியிருந்தது. டாக்டர் சத்தம் போட்டார். என்ன தின்றாய், உண்மையைச் சொல், ஆபரேஷனுக்குக்கூட நீ வந்துசேர மாட்டாய் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். டில்லிபாபு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கம்பெனி வாசலில் ஆசைப்பட்டு இளநீர் குடித்துவிட்டேன், இனிமேல் குடிக்க மாட்டேன் என்றார். மாமியார் அழுதுகொண்டே அவர் தலையில் குட்டினார். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று அவர் பொய் சொன்னார் மேடம். அன்று அங்கேயே எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பஸ்ஸில் வரும்போது இனிமேல் வேண்டாம் மதி என்று அவரே சொன்னார். சரி என்றேன். சில நாள் வெறும் ஆப்பிள்தான் அடித்தேன். அப்புறம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். மாமியார் என் காலில் விழப் போனார். நான் பிடித்து நிறுத்தினேன். அன்றிலிருந்து ஜாரின் அடியில் கீரையும் போட்டேன், பச்சை தெரியாமலிருக்க நாவல்பழச் சாறு ஊற்றினேன். வாழைப்பழ வாசனை வராமல் ஏலக்காய் போட்டேன். இந்தத் தடவை அவருக்குத் தெரியாது. ஆப்பிளோடு நாவல்பழம், டாக்டரைக் கேட்டுவிட்டேன் என்றேன். நம்பினார்.

சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில்தான் ஆபத்து என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு வேளை கொடுத்தேன். திங்கள்கிழமை காலையில் கால் ரெண்டும் மரத்துப்போன மாதிரி கீது என்றார். படுத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு டயாலிசிஸ் செய்தால் சரியாகிவிடும் என்று சொல்லி, கப்பைக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். ஒரு கஸ்டமருக்குப் பிளெண்டர் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது வினோத் போன் செய்தான். வாங்க அண்ணி என்றான். நான் அந்த கஸ்டமருக்கு பில் போடச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. இந்த நோயில் இப்படிப் போவது சகஜம் என்றார்கள். கொடுக்கத் தயாராக இருந்தாளே, கொடுத்துவைக்கவில்லையே என்று எனக்காக அழுதார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு நான் சாப்பிடாமல் கிடந்தேன். நேற்று மாமியார் அந்த பிளெண்டரை எடுத்து, எங்கே அழுத்துவது என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டு, வாழைப்பழமும் பாலும் போட்டு அடித்துக் கொண்டுவந்தார். "புள்ள பூட்டான், நீயாச்சும் எனக்கு வோணும்டி. ஒரு வாய் குடி" என்றார். வாழைப்பழத்தை இனிமேல் மாட்டுக்குப் போட வேண்டியதில்லை என்று சொல்லி அழுதார். அதை என்னால் விழுங்க முடியவில்லை. காலையில் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இந்த ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

எனக்கு வேறு வழியில்லாமல் போய்விட்டது என்று எழுதிக்கொள்ளச் சொல்லலாம் என்றுதான் வந்தேன். ஊரே சேர்ந்து என்னை மூலையில் தள்ளிவிட்டது, என் வாயைக் கட்டிவிட்டது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்படி எழுத வேண்டாம்.

சிறுநீரகம் கொடுப்பவரை ஒரு டாக்டர் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். வீட்டார் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்கு முன்னால் என்னையும் கூப்பிட்டார்கள். அந்த டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். "உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா இப்ப சொல்லுங்க. உடம்பு ஒத்துவரலைன்னு நாங்களே உங்க வீட்ல சொல்லிடுவோம். காரணம் யாருக்கும் தெரியாது. அவரும் டயாலிசிஸ்ல இன்னும் பல வருஷம் இருக்கலாம், வேற இடத்துல பதிவு பண்ணிக் காத்திருக்கலாம்" என்றார். அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் கொடுத்தார். நான் குடித்துவிட்டு, முழு மனசோடு கொடுக்கிறேன் மேடம் என்றேன்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டில்லிபாபு இன்றைக்கு உயிரோடு இருப்பார். ஆனால் நான் அவ்வளவு நல்லவள் இல்லை என்று அந்த ஒரு டாக்டருக்குத் தெரிந்துபோயிருக்கும். என்னால் அதைத் தாங்கிக்கொள்ள முடியாது என்று தோன்றியது.