குதிரைக்காரன் மேல் தப்பில்லை

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். “குதிரைக்காரன் மறுபடியும் செத்துட்டான்டா” என்றது ஒரு குரல். மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கல்லூரிப் பையன்கள் இருவர். சாவு நடந்தது செல்போன் விளையாட்டில்.

“சுத்த வேஸ்ட்டு இவன்,” என்றான் போன் வைத்திருந்தவன். “ஒரே மூச்சுல எட்டு கட்டம் போறான். மத்தவனுங்க நடந்து வர்றதுக்குள்ள ஈட்டிக்காரனுங்க சுத்திக்கினு குத்திடறானுங்க. டீம்ல இருந்து தூக்கப் போறேன்.”

“அவன் என்ன தானாவா போறான்? நீதானடா ஓட்டற,” என்றான் கண்ணாடி போட்ட நண்பன்.

“குதிரைய வச்சிக்கினு நடக்கச் சொல்றியா?”

“எதிர்ல யாரு நிக்கறான்னு பாத்துட்டு அப்புறம் உடு.”

“அதெல்லாம் பேஜாரு.”

அப்போது ஒரு பஸ் உள்ளே நுழைந்தது. அது நிற்பதற்குள் போன்காரன் ஓடிப்போய், ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு, கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறி, தலையை வெளியே நீட்டினான். “ஜல்தி வாடா! உனக்கும் சேத்து சீட்டு புடிச்சிட்டேன்.”

கண்ணாடிக்காரன் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. பஸ்ஸின் நெற்றியில் இருந்த பலகையை நிதானமாகப் படித்தான்.

“எறங்குடா. நாம போவ வேண்டியது விழுப்புரம், இது மெட்ராஸ் வண்டி. பாவம்டா அந்தக் குதிரைக்காரன், அவன தூக்காத.”