பெயிண்டர் டிக்கெட்டில் ஏறிய கால்

என் பெயரும் விலாசமும் முதல் பக்கத்தில் உள்ளபடி. வயது நாற்பத்தொன்று. ரெடிமேட் கடைகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் வேலை. இன்று மதியம், என்னோடு பஸ்ஸில் வந்த பெயிண்டர் மேல் திருட்டுப் புகார் கொடுத்தது நான்தான். இப்போது யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதுகிறார்.

என் தங்கைக்கு விபத்தில் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவளுடைய செயற்கைக் காலில் விரிசல் விழுந்து வெளியூர்ப் பட்டறையில் சரிசெய்யக் கொடுத்திருந்தோம். அதை வாங்கிவர நான் போயிருந்தேன். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்கும் வேலை அவளுக்கு. நாளைக் காலை வந்து நிற்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

இன்று காலை அதை வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப, குறைந்த கட்டண பஸ்ஸில் ஏறப் போனேன். அதில் ஒரு டிக்கெட்டுக்கு ஒரு பைதான். என்னிடம் துணிப்பை ஒன்றும், கால் இருந்த நீளப் பை ஒன்றும் இருந்தன. கண்டக்டர், "ரெண்டுல ஒண்ணை எறக்கும்மா, இல்லேன்னா நீயும் எறங்கு" என்றார். உள்ளே என்ன என்று கேட்டார். அத்தனை பேர் பார்க்கத் தங்கையின் காலைத் திறந்து காட்டக் கூசி, சாமான் என்று சொன்னேன். அதன் பின்னர் எனக்குப் பின்னால், பெயிண்ட் தெறித்த சட்டையோடு கையை வீசிக்கொண்டு நின்ற பெயிண்டர், "எனக்குப் பை எதுவும் இல்லக்கா, என் டிக்கெட்ல போட்டுக்கங்க" என்றார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததாக நினைத்தேன். கிளீனர் அவருடைய சீட் நம்பர் அட்டையைப் பையில் கட்டி டிக்கியில் போட்டார். கடைசி நிறுத்தத்தில் நானே எடுத்துக்கொள்வேன் என்று பெயிண்டரிடம் சொன்னேன். கிளீனரிடம் சொல்லத் தோன்றவில்லை. அதன் பின்னர் தூங்கிவிட்டேன்.

கடைசி நிறுத்தத்தில் டிக்கியில் பை இல்லை. கிளீனர், "அந்த சீட்டுக்காரர் பாதி வழியில எறங்கிட்டாரு. அவர் நம்பர் பையை அவர் கையில குடுத்தாச்சு" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதன் பின்னர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரிலேயே உள்ள இந்தக் காவல் நிலையத்துக்கு நேராக வந்து, நல்லவன் மாதிரி நடித்துக் கழுத்தறுத்துவிட்டான் என்று வாய்க்கு வந்தபடி பேசிப் புகார் கொடுத்தேன். தகவல் தெரிந்து தங்கையும் ஊன்றுகோலோடு வந்து சேர்ந்தாள்.

அதன் பின்னர் வந்த பஸ்ஸிலிருந்து பெயிண்டர் அதே பையோடு இறங்க, நிலைய வாசலில் நின்ற போலீஸ்காரர் நான் சொன்ன அடையாளத்தை வைத்து அவரைப் பிடித்து வந்தார். கிளீனர் பையைக் கையில் திணித்ததும் பஸ் கிளம்பிவிட்டதாகவும், கத்திக்கொண்டே பின்னால் ஓடியும் நிற்கவில்லை என்றும், விலாசம் இருக்குமா என்று திறந்தபோது கால் இருந்ததால் வேலைக்குப் போகாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்ததாகவும் அவர் சொன்னார். "மறுபடி டிக்கில போட தைரியம் வரலீங்க. கண்டக்டர்கிட்ட ஜிப்பைத் திறந்து காட்டினேன். மடியிலயே வெச்சுக்கச் சொல்லிட்டாரு" என்றார்.

பஸ்ஸில் நடந்ததை நான் ஏற்கெனவே சொல்லியிருந்ததால், இதைக் கேட்டுத் தங்கை என்னிடம், "என் காலைக் காட்ட நீ ஏங்க்கா கூசின?" என்றாள். அதன் பின்னர் அவள் இந்த நிலையத்துப் பெஞ்சிலேயே காலை மாட்டிக்கொண்டு, ஊன்றுகோலை என் கையில் கொடுத்துவிட்டு, நடந்து போய்ப் பெயிண்டருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று தெரியவில்லை.

பெயிண்டர் எதையும் திருடவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். புகாரைத் திரும்பப் பெறுகிறேன். அவரை உடனே அனுப்பிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னதும் இதில் எழுதியிருப்பதும் ஒன்றே. வாசித்துக் காட்டக் கேட்டேன். இதில் பொய் எதுவும் இல்லை. சாட்சியாக என் தங்கை கையெழுத்திடுகிறாள். நாற்காலி கொடுத்தும் உட்கார மறுத்து நின்றபடியே இடுகிறாள். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

(ஒப்பம்)